வெயிலில் லேப்டாப்: சிப்பைப் பார்த்துப் பயந்து பேட்டரியைக் கோட்டை விடாதீர்கள்

பெரும்பாலான லேப்டாப்களின் கையேட்டில் ஒரு வரி இருக்கும்: பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஆப்பிளின் மேக்புக்குக்கும் அதே 35தான். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் வெயில் 40ஐத் தாண்டுவது வழக்கம். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை என்றால் இன்னும் மோசம். பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் தளம் சாயங்காலத்துக்கு மேல்தான் சூட்டை உள்ளே இறக்கும். அதனால் இரவு எட்டு மணிக்கும் அறை குளிராது. ஏசி இல்லாத வீடுகளில் மே மாதத்தின் பெரும்பகுதி லேப்டாப் அந்த எல்லைக்கு வெளியேதான் ஓடுகிறது. பரீட்சையும் ப்ராஜெக்டும் வெயில் தணியக் காத்திருக்காது, ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த மாதங்களில் செய்யக் கூடாத சில காரியங்கள் உண்டு. அவற்றில் சில, சூட்டைக் குறைப்பதாக நினைத்து நாமே செய்பவை.

பயம் தப்பான இடத்தில்

டெம்பரேச்சர் காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்துவிட்டு, “சிப் 92 டிகிரி காட்டுதே, எரிஞ்சு போயிடுமா?” என்று கேட்பவர்கள் நிறைய. எரியாது. இன்டெல், ஏஎம்டி கம்பெனிகளின் லேப்டாப் சிப்களின் (ப்ராசஸர்களின்) உச்ச வரம்பு பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். அதை நெருங்கியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் மெஷின் அணைந்துவிடும். மதியத்தில் வீடியோ கால் திக்குவதும், காலையில் ஓடிய அதே கேம் தட்டுத்தடுமாறுவதும் இதனால்தான். அறையின் சூடு 10 டிகிரி கூடினால், அதே வேலைக்கு சிப்பின் சூடும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். ஏசி அறையில் 78 காட்டியது வெறும் அறையில் 90 காட்டினால் மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

பேட்டரிக்கு இந்த வசதி இல்லை. கை வைக்கும் இடத்துக்கு அடியில், சூடான போர்டுக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. லித்தியம் அயான் செல்லை சார்ஜ் செய்ய ஏற்ற வரம்பு 0 முதல் 45 டிகிரி வரை. அறையே 37 டிகிரி என்றால், மேலே போக மிச்சம் எட்டு டிகிரிதான். சூடு ஏற ஏற செல்லுக்குள் நடக்கக் கூடாத ரசாயன வினைகள் வேகமெடுக்கும். அதில் இழந்த கொள்ளளவு திரும்ப வராது. சிப் குளிர்ந்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிடும், பேட்டரி வராது. வெயில் காலத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது பேட்டரியை.

எப்போதும் 100 சதவீதம்

என் கணிப்பில், நம் ஊரில் பேட்டரிகள் சீக்கிரம் சாவதற்கு முதல் காரணம் இதுதான். கரண்ட் எப்போது போகுமோ என்று காலை முதல் இரவு வரை சார்ஜரைச் செருகியே வைத்திருக்கிறோம். சூடு ஒரு பக்கம், முழு சார்ஜ் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் பேட்டரி மிக வேகமாக மூப்படையும். அதே சூட்டில் பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரி, முழு சார்ஜில் இருப்பதைவிட நெடுநாள் தாங்கும்.

இதற்கு வழி சுலபம், செலவும் இல்லை. லெனோவோ, டெல், ஹெச்பி, ஏசுஸ், ஏசர் என்று பெரும்பாலான கம்பெனிகளின் மெஷின்களில் சார்ஜை 80 சதவீதத்தில் அல்லது அதை ஒட்டி நிறுத்தும் வசதி இருக்கிறது. சிலவற்றில் கம்பெனியின் சொந்த ஆப்பில் இருக்கும், சிலவற்றில் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸில், இருக்கும். அதைப் போட்டுவிட்டால் சார்ஜரைப் பிடுங்கவே வேண்டாம். அந்த வசதி இல்லாத பழைய மெஷின் என்றால், விடியற்காலையிலோ இரவு பிந்தியோ சார்ஜ் போடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு கேம் ஆடிக்கொண்டோ வீடியோ எடிட் செய்துகொண்டோ சார்ஜ் ஏற்றாதீர்கள். வேலையின் சூடும் சார்ஜின் சூடும் ஒரே பெட்டிக்குள் சேரும். சில மெஷின்கள் அந்த நேரத்தில் சார்ஜ் ஏறுவதைத் தாமே நிறுத்திவிடும். அதைப் பார்த்துவிட்டு சார்ஜர் போய்விட்டது என்று புதிதாக வாங்காதீர்கள், குளிர்ந்த பிறகு ஒருமுறை செருகிப் பாருங்கள்.

மெத்தை, தலையணை, மடி

இது எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் செய்வது. பல லேப்டாப்கள் அடிப்பக்கத்தில்தான் காற்றை உறிஞ்சுகின்றன. ரப்பர் கால்கள் தரும் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் மூச்சு விடும் வழி. மெத்தையில் வைத்ததும் அந்த வழி அடைபடும். வெறும் தொடையில் மணிக்கணக்காக வைத்தால் தோலில் வலைவலையாகப் பழுப்புத் தடம் விழும் என்று தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பரீட்சை அட்டை ஒன்று போதும், அல்லது இரண்டு நோட்டுப் புத்தகங்களைப் பின்பக்கம் கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

அடாப்டரை மட்டும் மறந்துவிடுகிறோம். 65 வாட் அடாப்டர் முழு வேகத்தில் ஓடும்போது ஏழெட்டு வாட் வரை தானே சூடாக வீணடிக்கும். போர்வைக்குள் சிக்கினால் அந்தச் சூடு போக வழியில்லை. அது தரையில், வெறும் மொசைக்கில் கிடக்கட்டும்.

மேக்புக் ஏரில், 2020இல் வந்த எம்1 மாடல் தொடங்கி, ஃபேனே கிடையாது. உலோக உடம்பு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். அதற்கு அழகான பிளாஸ்டிக் கவர் மாட்டி வைப்பது வெயிலுக்கு ஸ்வெட்டர் போடுகிற காரியம்.

அவசரமாகக் குளிர வைப்பது

ஃப்ரிட்ஜில் வைப்பது, அடியில் ஐஸ் பேக் கொடுப்பது, ஈரத்துணி விரிப்பது: மூன்றும் வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கோடைக் காற்றில் ஈரம் அதிகம். அங்கே 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலில் நடப்பதுதான் உங்கள் மதர்போர்டிலும் நடக்கும். ஏர் கூலருக்கு நேர் முன்னால் உட்காருவதும் சரியில்லை. ஈரக் காற்றோடு சில நேரம் துளிகளும் வரும், போர்வெல் தண்ணீர் என்றால் உப்பும் சேர்ந்து வரும்.

சாதாரண டேபிள் ஃபேன் எவ்வளவோ மேல். ஃபேன் காற்று சூடாக இருக்கிறதே என்று சலிக்காதீர்கள். மெஷின் அந்தக் காற்றைவிடச் சூடாக இருப்பதால், வீசும் காற்று அதற்கு உதவத்தான் செய்யும். கூலிங் பேடும் இதே வேலையைத்தான் செய்கிறது. காற்று உறிஞ்சும் துளைகளுக்கு நேராக அதன் ஃபேன் அமைந்தால் சில டிகிரி குறையும், அமையாவிட்டால் காசுக்குக் கேடு.

ஸ்லீப்பில் போட்டுப் பைக்குள் தள்ளுவது

புதிய விண்டோஸ் மெஷின்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது முழுத் தூக்கமில்லை, செல்போன் மாதிரி அரைத் தூக்கம். பைக்குள் இருக்கும்போதே அப்டேட்டுக்காக விழித்துக்கொள்ளும். காற்றில்லாத பையில், பைக்கின் டேங்க் மேல், உச்சி வெயிலில் அது ஓடிக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளம்பும் முன் ஷட் டவுன் செய்யுங்கள், இல்லையென்றால் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு மெஷின் முழுதாக அணைவது). நிறுத்திய காருக்குள் வைப்பது அறவே கூடாது. கண்ணாடி ஏற்றிய காரின் உள்ளே வெளியைவிட 20 டிகிரி கூடுவது சாதாரணம். அணைத்து வைத்திருந்தாலும் மேக்புக்கை 45 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது ஆப்பிள்.

தூசியோடு தப்பான சண்டை

மூன்று நான்கு வருடம் ஆன லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் தெரியும். அழுக்கு இருப்பது அதற்கு அடுத்த இடத்தில். சிப்பின் மேலிருந்து ஒரு செம்புக் குழாய் சூட்டைக் கடத்தி, ஃபேனின் வாயில் நிற்கும் மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுபோகிறது. ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சும் முடியும் ஊதுவத்திச் சாம்பலும் படிந்து, தடித்த கம்பளித் துண்டாக நிற்கும். சமையலறைப் பக்கம் வேலை செய்பவர் என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். சாமணத்தால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். அதை எடுத்த அன்றே ஃபேன் சத்தம் குறைவது காதுக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் இது வராது, ஸ்டாட்டிக் மின்சாரம் பாகங்களைத் தாக்கும் ஆபத்து வேறு. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஊதினால் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போகும். வெறித்தனமாகச் சுற்றும் ஃபேனின் பேரிங்கும் போகும். திறக்கத் தெரிந்தவர் என்றால் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு ஃபேனைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வாரண்டி இருந்தால் திறக்கும் முன் அதன் விதியைப் பாருங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால், “சர்வீஸ் பண்ணிக் கொடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஃபேனைக் கழற்றித் தகடுகளைச் சுத்தம் செய்யவும் தெர்மல் பேஸ்ட் (சிப்பிலிருந்து சூட்டைக் கடத்த அதன் மேல் தடவும் பசை) மாற்றவும் சொல்லுங்கள். சிப்புக்குப் பக்கத்துப் பாகங்களின் மேல் ரப்பர் மாதிரி சின்னப் பட்டைகள் ஒட்டியிருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கேயும் பேஸ்டைத் தடவிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டையின் தடிமனை பேஸ்ட் நிரப்பாது, அந்தப் பாகங்கள் தனியாக வெந்துகொண்டிருக்கும். பட்டைக்குப் பதில் பட்டைதான் வர வேண்டும்.

செட்டிங்ஸில் கை வைக்காமல் விடுவது

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ என்று ஒன்று இருக்கும். 100 என்பதை 99 ஆக்கினால் பெரும்பாலான மெஷின்களில் டர்போ வேகம், அதாவது சிப் தன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடுவது, நின்றுவிடும். சூடு நன்றாகக் குறையும். வேர்ட், பிரவுசர், ஆன்லைன் வகுப்பு அளவில் வித்தியாசம் அதிகம் தெரியாது. அந்த வரி தென்படாத புதிய மெஷினில் பவர் மோடை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’க்கு மாற்றுங்கள். கூலர் ஆப், ராம் கிளீனர் என்று வருபவற்றைப் போடாதீர்கள், அவை ஓடுவதே கூடுதல் சூடு.

உப்பிய பேட்டரியை அழுத்துவது

டச்பேட் திடீரென்று அமுங்க மறுக்கிறதா? சமமான மேஜையில் மெஷின் ஆடுகிறதா? அடிமூடி ஓரம் விலகியிருக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கலாம். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தி மூடுவது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது, “இன்னும் ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்போம்” என்று சார்ஜ் போடுவது, எல்லாமே தீப்பிடிக்க வழி. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்திலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ சேருங்கள். அதுவரை துணியும் காகிதமும் பக்கத்தில் இல்லாத, வெயில் படாத வெறும் தரையில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.