யாரையும் நோகடிக்காம பேசுறது எப்படி, எந்த இடத்துல இது ஓவரா போகுது

"இப்பல்லாம் வாயத் தொறக்கவே முடியல, எதச் சொன்னாலும் அப்படிச் சொல்லக்கூடாது இப்படிச் சொல்லக்கூடாதுன்னு பிடிச்சுக்குறாங்க"ன்னு வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருந்து மார்த்தாண்டம் மார்க்கெட் வரைக்கும் புலம்பல் கேக்குது. சில இடத்துல உண்மையிலேயே ஓவராத்தான் போகுது, ஆனா புலம்புறவங்க கை காட்டுற இடம் பெரும்பாலும் அது இல்ல. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறது, வீட்டுலயும் கடைத்தெருவுலயும் எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல, பேச்சுக்கு கட்டுப்பாடுங்கிறது இப்பத்தான் புதுசா வந்துச்சுங்கிற நெனப்ப விட்டுருங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல தான் தமிழ்நாட்டோட சேந்துச்சு, அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல 19-ஆம் நூற்றாண்டுல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க மேல்சாதிக்காரன் முன்னால 'நான்'னு சொல்லக்கூடாது, 'அடியன்'னு தான் சொல்லணும், தான் திங்கிற சோத்தக்கூட சோறுன்னு சொல்லாம 'கரிக்காடி'ன்னு, அதாவது அழுக்குக் கஞ்சின்னு, கேவலப்படுத்தித்தான் சொல்லணும், இதெல்லாம் அந்தக் காலத்துல இங்க வேலை செஞ்ச லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மெட்டீர் எழுதி வச்சிருக்காரு. மாரை மறைக்கிற உரிமைக்காக 1859 வரைக்கும் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணு இது. தலைல துண்டு கட்டக்கூடாதுன்னு இருந்தவங்கள தலைப்பா கட்டிட்டு வரச்சொல்லி சாமித்தோப்புல அய்யா வைகுண்டர் நிமிர வச்சதும் அதே நூற்றாண்டுல தான். அன்னைக்கு கீழ இருக்குறவன் வாய மட்டும் தான் கட்டி வச்சிருந்தாங்க. இன்னைக்கு மேல இருக்குறவனும் கொஞ்சம் பாத்துப் பேசுங்கன்னு கேட்டா அதுல என்ன ஓவர் இருக்கு?

சரி, நடைமுறைக்கு வருவோம். மாத்த வேண்டியதுல ரொம்ப முக்கியமானதா நான் நெனைக்கிறது எந்தப் பெரிய வார்த்தையும் இல்ல, நீ, நீங்க, லே இந்த மூணும் தான். நம்ம ஊர்ல லே போடாம பேசுனா கூட்டாளி கோவிச்சுக்குவான், "வாலே, இருலே"ங்கிறதுல அவ்ளோ பாசம் இருக்கு, வெளியூர்க்காரங்க இதக் கேட்டு முகம் சுளிச்சா அதுக்காக நாம மாத்த வேண்டியதில்ல. ஆனா இருபத்தஞ்சு வயசுப் பையன் அறுபது வயசுல ரப்பர் பால்வெட்டுக்கு வர்றவரையும், தேங்கா பறிக்க வர்றவரையும் "லே இங்க வா"ன்னு கூப்பிடுறான் பாருங்க, அது பாசம் இல்ல, அவரு திரும்ப இவன லே போட முடியாது. இத வச்சே எல்லாத்தையும் அளந்துரலாம்: அந்த ஆளு அதே வார்த்தைய எனக்கு திருப்பிச் சொன்னா நான் சிரிப்பேனா, சண்டைக்குப் போவேனா? சண்டைக்குப் போவேன்னு தோணுச்சுன்னா விட்டுருங்க. வேலைக்கு வர்றவங்கள வயசப் பாத்து அண்ணே, அக்கா, மாமான்னு கூப்பிட்டு நீங்க போட்டுப் பழகுங்க, பிள்ளைங்க நம்மளப் பாத்துத்தான் கத்துக்குதுங்க.

அடுத்து உவமை. வீட்டுல ரெண்டு பேரு சத்தமா பேசுனா "என்ன மீன்சந்தை மாதிரி கத்துறீங்க"ன்னு சொல்றோம், யாராச்சும் கோவத்துல பேசுனா "கடப்புறத்துக்காரி மாதிரி"ன்னு சொல்றோம். குளச்சல்லயும் முட்டத்துலயும் விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு கூடையத் தூக்குற அம்மாக்களுக்கு இது எப்படி இருக்கும்னு யோசிங்க. அவங்க கிட்டயே மீன் வாங்கித் தின்னுட்டு அவங்க பேரையே வசவாக்குறது அநியாயம். 'சத்தம் போடாதீங்க'ன்னு சொன்னாலே விஷயம் முடிஞ்சுது. கட்டட வேலைக்கு வர்ற வெளிமாநிலத்துப் பையங்கள மொத்தமா "வடக்கன்"னு கூப்பிடுறதும் இப்படித்தான், பேரு கேட்டா சொல்லப்போறான்.

பனையேறிங்கிற வார்த்தைய எடுத்துக்கங்க. ஒரு காலத்துல நம்ம பக்கம் அத ஏச்சாவே சொல்லுவாங்க, இன்னைக்கு தொழில் செய்யுறவங்களே நாங்க பனையேறிகள்னு நெஞ்ச நிமித்திச் சொல்றாங்க. அப்போ அந்த வார்த்தைய தடை பண்ணணும்னு கிளம்புறதும் தப்பு, கிண்டலுக்கு எடுக்குறதும் தப்பு. யாரப் பத்தி பேசுறோமோ அவங்க தங்கள என்னன்னு சொல்லிக்கிறாங்களோ அதையே சொல்லுங்க, தெரியலன்னா கேளுங்க.

கேக்காம மேல இருந்து பேரு வச்சா தான் ஓவரா போகுது. திருநங்கைங்கிற வார்த்தையும் மாற்றுத்திறனாளிங்கிற வார்த்தையும் கலைஞர் ஆட்சில அரசாங்க வார்த்தையாகி பரவுச்சு, கூடவே 2008-ல திருநங்கைகளுக்கு நலவாரியம், அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கு தனித்துறைன்னு வேலையும் நடந்துச்சு, அதனால வார்த்தை மக்கள் வாயில நின்னுச்சு. 2015 கடைசில பிரதமர் 'திவ்யாங்'னு, அதாவது தெய்வீக உறுப்பு உள்ளவங்கன்னு, சொல்லலாம்னு சொன்னப்ப மாற்றுத்திறனாளி அமைப்புகள்ல இருந்தே எதிர்ப்பு வந்துச்சு, எங்கள தெய்வீகமாக்க வேண்டாம், உரிமையக் குடுங்கன்னு. 2020-ல துப்புரவுப் பணியாளர தூய்மைப் பணியாளர்னு மாத்துனது நல்லது தான், ஆனா பேரு மாறுனதோட நின்னு, கையுறை இல்லாம அதே குப்பைய அள்ளிட்டு ஒப்பந்தக் கூலிக்கு நிக்கிறாங்கன்னா அந்தப் புதுப்பேரு நம்ம மனசாட்சிய தூங்க வைக்க மட்டும் தான் உதவும். இந்த இடத்துல எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

இன்னொரு ஓவர், வயசானவங்க மேல பாயுறது. கண்ணு தெரியாத பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாள் தவறாம சோறு போடுற பாட்டி பழைய வார்த்தைல அவனப் பத்தி பேசுனா, காலேஜ் படிக்கிற பேத்தி நாலு பேரு முன்னாடி "சீ, இப்படியெல்லாம் பேசக்கூடாது"ன்னு கத்துறா. அது வேண்டாம். தனியா இருக்கும்போது "பாட்டி, அவனுக்கு பேரு இருக்குல்ல, பேரச் சொல்லியே கூப்பிடுங்களேன்"னு சொன்னா பாட்டி கேப்பாங்க. வேணும்னே குத்துற மாமா சித்தப்பா வேற கேஸு, அங்க சபையிலயே "மாமா, அந்தப் பேச்சு இங்க வேண்டாம்"னு மரியாதையா, ஆனா கறாரா சொல்லிரணும், சிரிச்சு மழுப்பாதீங்க.

சட்டம் எங்க வருதுன்னும் தெரிஞ்சுக்கங்க. பட்டியல் சாதி, பழங்குடி ஆளுங்கள நாலு பேரு முன்னாடி சாதிப்பேரச் சொல்லித் திட்டுனா 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல குத்தம். மாற்றுத்திறனாளிய பொது இடத்துல கேவலப்படுத்தணும்னே பேசுனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 92-வது பிரிவுல 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில். பாட்டி வாயில தவறி வர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, 'எதச் சொன்னாலும் கேஸு'ன்னு பயமுறுத்துறவங்கள நம்பாதீங்க.

உங்கள யாராச்சும் திருத்துனா பத்து நிமிஷம் வாதாட வேண்டாம், "சரி, எப்படிக் கூப்பிடணும்?"னு கேட்டுட்டு பேச்சத் தொடருங்க. அப்புறம் வார்த்தை மாத்துன கையோட ஒரு வேலை செய்யுங்க: உங்க ஊரு ரேஷன் கடைக்கோ கிராம நிர்வாக அலுவலகத்துக்கோ வீல்சேர் ஏற சாய்தளம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா போட்டோ எடுத்து, திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவாக் குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வாங்க.