ஈஸ்டர் வாரத்துல வீட்டு ஜெபத்துல பேசச் சொல்லிட்டாங்களா? இப்படி தயாராகுங்க

கன்னியாகுமரி மாவட்டத்துல களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ஈஸ்டர் முடிஞ்ச கையோட வீட்டு ஜெபக்கூட்டம் வரிசையா வரும். எல்லா வீட்டுக்கும் போதகர் வர முடியாது, அவருக்கு உதவியா இருக்கிற உபதேசியாரும் வேற வீட்டுல இருப்பாரு, அப்போ யாராவது பெரியவரு "மக்களே நீ ரெண்டு வார்த்த சொல்லு"ன்னு நம்ம பக்கம் கைய காட்டிருவாரு. அப்படி மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் இது. கேக்க வர்றவங்களுக்கு கதை எல்லாம் தெரியும், கல்லு புரண்டது, மகதலேனா மரியாள் அழுதது, பேதுருவும் யோவானும் ஓடுனது எல்லாம் சண்டே ஸ்கூல்லயே மனப்பாடம் பண்ணவங்க, அதனால அத மறுபடி சொல்லி டைம் போக்காதீங்க. "சரி, இயேசு எழுந்தாரு, அதனால எனக்கு என்ன?" இந்த ஒத்த கேள்விய மட்டும் கையில எடுங்க.

மொதல்ல பைபிள்ல, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின கடிதம், 1 கொரிந்தியர் 15ம் அதிகாரத்த ஒரே மூச்சுல படிச்சிருங்க. 58 வசனந்தான், சத்தமா படிச்சா இன்னும் நல்லது. என்ன நடந்துச்சுங்கிறத சுவிசேஷங்க சொல்லும், அதனால நமக்கு என்ன ஆச்சுங்கிறத இந்த அதிகாரம் சொல்லும். பவுல் இத எழுதினது கி.பி. 55 வாக்குல, சிலுவை முடிஞ்சு ஏறக்குறைய 25 வருஷந்தான் ஆகியிருக்கும், 500க்கு மேல ஆளுங்க ஒரே நேரத்துல எழும்பின இயேசுவ பாத்தாங்க, அதுல பெரும்பாலான பேரு இன்னும் உயிரோட இருக்காங்கன்னு எழுதுறாரு. அத ஒரு வரியில சொல்லிட்டு தாண்டிருங்க. காலி கல்லறைய நிரூபிக்கிறேன்னு சிலரு அரைமணிநேரம் வக்கீல் மாதிரி வாதாடுவாங்க, ஆனா அந்த வீட்டுல உக்காந்திருக்கிற யாரும் மறுத்து பேச வரல.

பேச்ச 17ம் வசனத்துல தொடங்குங்க. "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்; நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்." பவுல் தலைகீழா கேக்குறாரு பாருங்க, அவரு எழும்பலன்னா என்னென்ன போயிரும்னு ஒவ்வொண்ணா சொல்றாரு, பிரசங்கம் வீண், விசுவாசம் வீண், பாவமும் அப்படியே கெடக்கும், செத்துப்போனவங்களும் போனவங்கதான். ரோமாக்காரன் சிலுவையில எத்தனையோ பேர அறைஞ்சான், இவரும் அங்கேயே முடிஞ்சிருந்தா அந்த கணக்குல ஒண்ணு கூடியிருக்கும், அவ்வளவுதான். ரோம ஆளுநர் பிலாத்துவும் யூத ஆசாரியங்களும் குற்றவாளின்னு தீத்த ஆள தேவன் எழுப்பினாரு, அப்படின்னா அந்த தீர்ப்ப தேவன் தள்ளிட்டாரு, நமக்காக அவரு செத்தத ஏத்துக்கிட்டாரு. ரோமர் 4:25 இதத்தான் சொல்லுது, நாம நீதிமான்கள் ஆகுறதுக்காக எழுப்பப்பட்டாருன்னு. பத்து வருஷத்துக்கு முன்னால செஞ்ச ஒரு காரியத்த இன்னும் நெஞ்சுல சுமந்துக்கிட்டு ஒருத்தர் அந்த பாயில உக்காந்திருப்பாரு, அவர மனசுல வச்சு இந்த இடத்த நிதானமா சொல்லுங்க.

அடுத்தது சரீரம். நம்ம ஊருல ரொம்ப கொழம்பிக் கெடக்குறது இதுலதான். "செத்தா ஆத்துமா பரலோகம் போயிரும், முடிஞ்சுது"ன்னு நெனச்சுக்கிறோம், ஆனா வாராவாரம் ஆராதனையில எல்லாரும் சேர்ந்து சொல்ற விசுவாசப் பிரமாணத்துல சரீரம் உயிர்த்தெழுதல்னு வாயால சொல்லத்தான் செய்றோம். ஆத்துமா மட்டும் போதும்னா கல்லறை காலியாக வேண்டிய அவசியமே இல்லியே. லூக்கா 24ல சீஷங்க ஆவின்னு நெனச்சு நடுங்குறாங்க, இயேசு கையையும் காலையும் காட்டிட்டு திங்க ஏதாவது இருக்கான்னு கேக்குறாரு, பொரிச்ச மீனும் தேன்கூட்டுத் துண்டும் குடுக்குறாங்க, வாங்கி அவங்க முன்னாலயே சாப்பிடுறாரு. (மார்த்தாண்டத்துக்காரங்ககிட்ட மீனும் தேனும்னு சொன்னா வேற விளக்கமே வேண்டாம்.) சந்தேகப்பட்ட சீஷன் தோமாகிட்ட காயத்த காட்டுறாரு, புது சரீரத்துலயும் ஆணி பாஞ்ச தழும்பு போகல. தக்கலை பக்கம் திருவிதாங்கோட்டு அரைப்பள்ளிய அந்த தோமாதான் கட்டினாருன்னு பாரம்பரியமா சொல்லுவாங்க, அங்க போனவங்க கூட்டத்துல கண்டிப்பா இருப்பாங்க, அதனால தோமா கதைய எடுத்தா உடனே ஒட்டிக்கும்.

இயேசு சாவுல இருந்து எழுப்பின லாசருவ இங்க கொண்டுவந்து கலக்காதீங்க, கலந்தா ஒடனே வித்தியாசத்த சொல்லிருங்க. லாசரு எழும்பி வந்தாரு, அப்புறம் ஒருநாள் மறுபடியும் செத்திருப்பாரு. கிறிஸ்து இனி மரிப்பதில்லைன்னு ரோமர் 6:9 சொல்லுது. அதனாலதான் பவுல் அவர முதற்பலன், அதாவது அறுப்புல மொதல்ல கெடைக்கிற விளைச்சல்னு கூப்பிடுறாரு. இத வெளக்க பழைய ஏற்பாட்டுக்கு ரொம்ப போக வேண்டாம், தோட்டத்துல மொதல்ல வெட்டுன ஏத்தங்கொலை (நேந்திரன் வாழைத்தார்), மொத சக்கை (பலாப்பழம்)ன்னு கோயிலுக்கு கொண்டுவந்து ஆராதனை முடிஞ்சதும் ஏலம் போடுறோமே, அதச் சொல்லுங்க. மொத கொலை வந்துட்டுன்னா அதே தோட்டத்துல மத்த வாழையும் கொலை தள்ளும்னு அர்த்தம், அவரு எழும்பினது அவருக்கு மட்டும் இல்ல, பின்னால நாமளும் வரிசையில இருக்கோம்.

இப்போ ரொம்ப கவனமா பேச வேண்டிய இடம். அந்த வருஷம் துட்டி (சாவு) நடந்த வீட்டுலயே கூட்டம் இருக்கலாம். "அழாதீங்க, அவரு பரலோகத்துல சந்தோஷமா இருக்காரு"ன்னு அவசரப்பட்டு சொல்லிராதீங்க. லாசருவ எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு அங்க நின்னு கண்ணீர் விட்டாரு. 1 தெசலோனிக்கேயர் 4:13லயும் நம்பிக்கையில்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் இருக்கு, துக்கமே கூடாதுன்னு இல்ல. கடற்கரைப் பக்கம், தூத்தூர், வள்ளவிளை, நீரோடின்னு போனா இந்த கேள்வி இன்னும் கூர்மையா வரும். 2017 நவம்பர் கடைசியில ஓகி புயல் வந்தப்போ அங்க எத்தனையோ வீட்டுல ஆளும் வரல, ஒடம்பும் வரல. அடக்கம் பண்ண ஒடம்பே இல்லாதப்போ எந்த சரீரம் எழும்பும்னு ஒரு தாய் கேட்டா என்ன சொல்லுவீங்க? பவுல்கிட்டயே இத கேட்டிருக்காங்க, 1 கொரிந்தியர் 15ல 35ம் வசனத்துல இருக்கு, எப்படிப்பட்ட சரீரத்தோட வருவாங்கன்னு. அவரு விதையக் காட்டி பதில் சொல்றாரு, நீ போடுறது வெறும் விதை, அதுக்கு சரீரத்த குடுக்குறது தேவன். எலும்பு பத்திரமா இருக்கணும்ங்கிற கட்டாயம் அங்க இல்ல, பெட்டியில இருந்தாலும் கடல்ல கரைஞ்சிருந்தாலும் எழுப்புறவரு ஒருத்தர்தான். இதுக்கு மேல எப்படி, எந்த வயசுல, எந்த உருவத்துலன்னு நாமளா கற்பனை பண்ணி சொல்ல வேண்டாம், அவங்க கைய பிடிச்சுக்கிட்டு சும்மா இருந்தாலே போதும்.

முடிக்கிறதுக்கு அதே அதிகாரத்தோட 58ம் வசனம். அத்தன பெரிய காரியத்த எழுதிட்டு பவுல் கடைசியில வந்து நிக்கிறது நம்ம அன்றாட ஒழைப்புலதான், கர்த்தருக்குள் படுற பிரயாசம் வீண்போகாதுங்கிறாரு. இத பொதுவா சொன்னா காத்துல போயிரும், அங்க இருக்கிறவங்க செய்றத சொல்லுங்க. வெடியக்கால எழும்பி ரப்பர் பால் வெட்டப் போறதுக்கு முன்னால ஜெபிக்கிற அண்ணன், அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலையில) நாள் முழுக்க உக்காந்துட்டு வந்து படுத்த படுக்கையா கெடக்குற மாமியாருக்கு கஞ்சி ஊத்துற அக்கா, யாரும் பாராட்டாட்டியும் சண்டே ஸ்கூல் எடுக்குற டீச்சர். பேர சொன்னா கூச்சப்படுவாங்க, வேலைய மட்டும் சொல்லுங்க, யாருன்னு எல்லாருக்கும் புரியும்.

மொத்தம் பத்து நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. முட்டை, பட்டாம்பூச்சி உதாரணம் எல்லாம் வேண்டாம், நெறைய கேட்டாச்சு. வசனம் எல்லாத்தையும் நீங்களே வாசிக்காம ரெண்டு பிள்ளைங்ககிட்ட முன்னாடியே பிரிச்சு குடுத்துருங்க, கேரள எல்லைக்குள்ள பாறசாலை பக்கத்துல இருந்து வந்த சொந்தக்காரங்க இருந்தா ஒரு வசனத்த மலையாளத்துலயே வாசிக்க விடுங்க. ஈஸ்டர் அன்னைக்கு பேச முடியாம போனா கவலப்பட வேண்டாம், பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும் 50 நாளும் இந்த காலந்தான். கடைசி ஜெபத்த வீட்டுக்காரங்ககிட்ட விட்டுருங்க, உள்ள மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் ரெடியா இருக்கும், அதனால அவங்க ஜெபம் நீளாது.