காசு கட்டாதவருக்கும் மதிப்பு உண்டு: இலவச கேமில் எல்டிவி கணக்கிடும் முறை

இலவச கேம்களை வெளியிடும் நிறுவனங்கள் அள்ளிச் செலவழிப்பவரை வேல் (ஆங்கிலத்தில் திமிங்கிலம்) என்றும் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரை டால்பின் என்றும் பிரிக்கும். நடந்து முடிந்த கணக்கைப் பார்க்க இந்தப் பிரிவு சரிதான். ஆனால் புதியவர்களை வரவழைக்கும் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்று முடிவெடுக்க இது உதவாது. இன்று இன்ஸ்டால் செய்தவர் எந்த வகையில் சேர்வார் என்பது இன்றைக்குத் தெரியாதே. ஆகவே முதல் 7 நாள் நடத்தையை வைத்துப் பிரியுங்கள். எத்தனை நாள் திரும்பி வந்தார், டுடோரியலை முடித்தாரா, கிளானில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுவில்) சேர்ந்தாரா, எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்பவை போதும்.

அடுத்தது எல்டிவி, அதாவது ஒரு ஆட்டக்காரர் மொத்தமாகக் கொண்டுவரும் வருமானம். ஒரே வாரத்தில் இன்ஸ்டால் செய்தவர்களை ஒரு தொகுதியாக எடுங்கள். 1, 7, 30-ஆம் நாள்களில் திரும்பி வந்தவர்கள் முறையே 40, 16, 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள எல்லா நாள்களின் சதவீதங்களையும் சேர்த்துக் கூட்டி, இன்ஸ்டால் செய்த நாளுக்கு 1 சேர்த்தால், ஒருவர் 30 நாளில் சராசரியாக 5 நாள் ஆடுகிறார் என்று வரும். அப்படி ஆடும் ஒரு நாளுக்குச் சராசரியாக கேமுக்குள் நடக்கும் வாங்குதலில் 6 சென்ட், கேமுக்குள் காட்டும் விளம்பரத்தில் 4 சென்ட் வருகிறது என்றால், வாங்குதலில் மட்டும் ஸ்டோர் கமிஷனை, 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, கழியுங்கள். மிஞ்சுவது 8.2 சென்ட், 5 நாளுக்கு 41 சென்ட். ஒரு இன்ஸ்டாலுக்கு அதைவிட அதிகம் கொடுத்தால் 30 நாளில் போட்ட பணம் திரும்பாது. கமிஷனைக் கழிக்க மறப்பதும், விளம்பர வருமானத்திலும் சேர்த்துக் கழிப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள்.

இதைவிடப் பெரிய ஆபத்து சராசரியிலேயே இருக்கிறது. 1,000 பேர் தொகுதியில் மொத்தம் 500 டாலர் வந்து, அதில் 200 டாலரை ஒரே ஒருவர் கட்டியிருந்தால், எல்டிவி 50 சென்ட் என்று தெரியும். அவரை எடுத்துவிட்டால் 30 சென்ட்தான். இரண்டையும் எழுதி வையுங்கள், பட்ஜெட்டைச் சிறிய எண்ணில் போடுங்கள். அடுத்த தொகுதியிலும் அப்படி ஒருவர் வருவார் என்று நம்பிப் பணத்தை இறக்குவது சூதாட்டம்.

காசே கட்டாதவர்தான் பெரும்பாலும் தவறாக மதிப்பிடப்படுகிறார். போட்டி கேமில் எதிராளியாக நிற்பவரும், மேட்ச் கிடைக்கும் நேரத்தைக் குறைப்பவரும், நண்பரை அழைத்து வருபவரும் அவரே. ஆனால் "கிளானில் உள்ளவர்கள் அதிகம் செலவழிக்கிறார்கள், ஆகவே கிளான்தான் காரணம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஆர்வம் உள்ளவர்தான் கிளானிலும் சேர்வார், காசும் கட்டுவார். புதியவர்களில் பாதிப் பேருக்கு மட்டும், குலுக்கல் முறையில், கிளான் அழைப்பைக் காட்டுங்கள். 30 நாள் கழித்து இரு பாதிகளுக்கும் இடையே உள்ள வருமான வித்தியாசமே அந்த அழைப்பின் மதிப்பு. நண்பர் அழைத்து வந்தவரின் வருமானத்தை அழைத்தவர் கணக்கில் வைத்தால், தானாக வந்தவர்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பணம் இருமுறை எண்ணப்படும்.

வேல்களின் கணக்கில் ரீஃபண்டையும் கழியுங்கள். பெற்றோர் அறியாமல் குழந்தை வாங்கியதும், கட்டுப்பாடு இழந்து வாங்கியதும் அந்தத் தொகையில் கலந்திருக்கும். செலவு திடீரென ஏறும் கணக்குகளைத் தனியே பிரித்து, அவற்றுக்குச் சலுகை அறிவிப்பு அனுப்புவதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தை வருங்கால வருமானமாக எண்ணுவது கணக்கிலும் தவறு, அறத்திலும் தவறு. காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ்களை, அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாத பரிசுப் பெட்டிகளை, சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது. உங்கள் கேமில் அவை இருந்தால் அந்த நாட்டு வருமானத்தை முன்கணிப்பில் சேர்க்க வேண்டாம்.