புல்லை நம்பிக் குடும்பமாகப் பால் பண்ணை நடத்துவது எப்படி

எத்தனை மாடு வாங்கலாம் என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் உங்கள் நிலத்தில் எவ்வளவு புல் விளையும் என்று பாருங்கள். 400 கிலோ எடையுள்ள கறவை மாடு நாளைக்குச் சுமார் 12 கிலோ உலர்பொருள், அதாவது தண்ணீரைக் கழித்த தீவன எடை, தின்னும். பச்சைப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான் என்பதால், அது கிட்டத்தட்ட 60 கிலோ புல். புல் பொங்கி வளரும் மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு மந்தையைப் பெருக்கினால், மீதி மாதமெல்லாம் தீவனம் வாங்கியே பால் பணம் போய்விடும்.

நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள், பழகிய மாடுகளுக்கு ஒற்றைக் கம்பி மின்வேலியே போதும். ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் மாட்டை நிறுத்தாதீர்கள். கடிபட்ட புல், அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் புதுத்துளிர் விடுகிறது; மாடு அங்கேயே நின்றால் முற்றிய புல்லை விட்டுவிட்டு அந்தத் துளிரைத்தான் தேடிப்பிடித்துக் கடிக்கும், அப்படியே போனால் வேர் சுருங்கி, நல்ல புல் அழிந்து களை ஏறும்.

மறுபடி எப்போது விடுவது? வளர்ச்சி வேகமாக இருந்தால் 20 முதல் 30 நாள், மந்தமானால் 45, சில சமயம் 60 கூட ஆகும். ஆனால் நாளை எண்ணுவதைவிடக் குனிந்து புல்லைப் பார்ப்பதே மேல். ரைகிராஸ் என்ற குளிர்ப்பிரதேசத் தீவனப்புல் என்றால் தூரிலிருந்து ஒரு தண்டைப் பிரித்துப் பாருங்கள், மூன்று இலை முழுதாக விரிந்திருந்தால் விடலாம். நாலாவது வரும்போது முதல் இலை காயத் தொடங்கிவிடும். மேய்ந்து முடிக்கையில் குட்டைப் புல்லில் நாலு விரற்கடை, உயரமாக வளரும் வகையில் ஒரு சாண் அளவாவது மிச்சம் நிற்க வேண்டும். குடற்புழுவின் இளம்புழுக்கள் அதிகம் இருப்பதும் அந்த அடிப்பகுதியில்தான், ஆக இது மாட்டுக்கும் நல்லது.

மிஞ்சுகிற புல்லைக் கதிர் தள்ளும் முன்பே அறுத்துக் காயவைத்துச் சேமியுங்கள்.

குளோவர், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனச்செடி நிறைந்த துண்டில் பசித்த மாட்டை ஈரம் காயும் முன் விட்டால் வயிறு உப்பிச் சில மணி நேரத்திலேயே செத்துப்போகலாம், கொஞ்சம் உலர்தீவனம் போட்ட பிறகே விடுங்கள். மாலையில் இடது விலாவின் பின்னால் உள்ள பள்ளத்தைப் பாருங்கள், குழிந்திருந்தால் அன்று வயிறு நிறையவில்லை. குடிதண்ணீர் ஒவ்வொரு துண்டிலும் இருக்கட்டும், இதில் கஞ்சத்தனம் பார்த்தால் பால்தான் குறையும்.

கன்று ஈனும் காலத்தைப் புல் வளரும் காலத்தோடு பொருத்துவது கடினம், ஆனாலும் விடாமல் முயலுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், அதனால் ஈன்று மூன்று மாதத்துக்குள் மறுசினை பிடித்தால்தான் அடுத்த வருடமும் அதே பருவத்தில் ஈனும். அப்படி அமைந்தால் மந்தை முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே பால் வற்றி, அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் கறவை இல்லாமல் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில்தான் வேலியைச் சரிபார்க்கவும் வீட்டில் எல்லோரும் விடியும்வரை தூங்கவும் முடியும்.