அலுவலகத்தில் நீங்கள், கேம் விளையாட வீட்டில் பிள்ளை

பாட்டியிடமோ பார்த்துக்கொள்ள வரும் அக்காவிடமோ பிள்ளையை விட்டுப் போகும் வீடுகளில், பழைய போனைக் கொடுக்குமுன் இரண்டு காரியம் முடித்துவிடுங்கள்.

முதலில் பணம். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் 'பர்சேஸ் வெரிஃபிகேஷன்' போய் 'ஆல்வேஸ்' வையுங்கள், எதை வாங்கினாலும் அனுமதி சரிபார்க்கும். கார்டுக்கு ஓடிபி வருமே என்று அசட்டையாக இருக்காதீர்கள். வங்கியில் பதிந்த சிம் அந்தப் போனிலேயே இருந்தால் ஓடிபி பிள்ளையின் கண்முன்தான் வந்து விழும். பிளே கணக்கில் முன்பே போட்டு வைத்த பணமான பிளே பேலன்ஸுக்கோ ஓடிபியே கிடையாது. சிம்மைக் கழற்றிவிடுங்கள், பிளே ஸ்டோரில் பதிந்த கார்டையும் நீக்கிவிடுங்கள். பணம் போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேளுங்கள், கிடைப்பது உறுதியில்லை.

அடுத்தது நேரம். பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு தொடங்கி, பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப்பில் சேர்த்துவிடுங்கள். புது ஆப் போட அனுமதி உங்கள் போனுக்கு வரும். கூடுதல் நேரத்தையும் அலுவலகத்திலிருந்தே தரலாம். 'வேண்டாம்' சொல்லும் பாரம் பாட்டி தலையில் விழாது. ஆனால் 30 நிமிடம் என்று வைத்தால் அழுகைதான். குழு ஆட்டம் ஒன்றே 20, 25 நிமிடம் ஓடும். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் போன் பூட்டிக்கொள்ளும். இரண்டு ஆட்டம் முடியும் அளவுக்கு நேரம் வையுங்கள்.

இந்தப் பூட்டைத் திறக்கும் நம்பர் பாட்டிக்குக்கூடத் தெரிய வேண்டாம். பேரன் கெஞ்சினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

கேமுக்குள் வாய்ஸ் சாட்டைத் தனியாக அணைக்க வேண்டும். ஃபேமிலி லிங்க் அதைத் தொடாது.