ஷிப்ட் வேலையில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்குத் தொழிற்சாலைச் செவிலியர் உதவும் முறை

தொழிற்சாலை மருத்துவ அறையில் புதிதாகப் பொறுப்பேற்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவமனை வார்டில் உணவும் மாத்திரையும் மணி தவறாமல் வரும். வாரந்தோறும் ஷிப்ட் மாறும் தொழிலாளிக்கு அந்த ஒழுங்கு வாய்ப்பதில்லை.

படி 1: நேரக் கணக்கு. எப்போது உறங்குகிறார், கேண்டீனில் எப்போது சாப்பிடுகிறார், மருந்தை எப்போது எடுக்கிறார் என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு மிகவும் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டால், இயந்திரத்தின் முன் நிற்கும்போதே வியர்த்து, கை நடுங்கி, தடுமாறக்கூடும். மருந்து நேரத்தை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு என்பதால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.

படி 2: இன்சுலினுக்கு இடம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், உறையாதபடி வைக்க வேண்டும். கழிப்பறையில் நின்று ஊசி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. மருத்துவ அறையில் ஒரு திரையும் நாற்காலியும் இருந்தால் அந்த அவலம் தீரும்.

படி 3: சர்க்கரை தாழ்ந்தால். குளுக்கோமீட்டரில் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸையோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் அதையே மறுபடி செய்யுங்கள். சாக்லேட் கொடுப்பது பலருடைய வழக்கம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் முதல் தேர்வாக அதை நான் ஏற்பதில்லை. விழுங்க இயலாதவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். தேறியவருக்கு உணவு கொடுத்து, சிந்தனை முழுதும் தெளியும்வரை அமரவையுங்கள். உடனே இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டாம்.

படி 4: மேற்பார்வையாளரிடம் பேசுதல். தொழிலாளியின் சம்மதம் பெற்ற பிறகே பேச வேண்டும். “இவருடைய சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போகக் கூடாது” என்ற அளவே போதும். பரிசோதனை முடிவுகளை அவர் அறியத் தேவையில்லை.

படி 5: பாதம். நரம்பு பாதித்து உணர்வு குறைந்தவருக்குப் பாதுகாப்புக் காலணி கடித்த புண் வலிக்காது. ஆகவே வாயால் கேட்பதோடு நிறுத்தாமல், காலுறையைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கையும் குதிகாலையும் நீங்களே பாருங்கள். காலணிக்குள் கைவிட்டுத் துருத்தும் தையலோ உலோகத் துகளோ இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.