டேப்பைத் தொடாமல் 77 துளை: மலைப் பட்டறைக்கு ஒரு மேசைப் பலகை

கோத்தகிரிப் பக்கம் பட்டறை என்றால் பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டிய பத்தடி அகல அறைதான். எட்டுக்கு நாலு ஷீட்டை டேபிள் சாவில் தள்ள முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். அந்த இடத்துக்கு நாம் எங்கே போவது? அதனால் ஷீட்டை அசையாமல் படுக்கவைத்து, ரெயில் போட்டு, அதன்மேல் டிராக் சாவை ஓட்டி அறுக்கிறோம். இதற்குத் தோதானது துளை மேசை, அதாவது மேல்பலகை முழுக்க ஒரே இடைவெளியில் வரிசையாகத் துளை போட்ட மேசை. இரண்டு துளைகளில் டாக் (துளையில் நிற்கும் உருளை முளை) செருகி, பலகையை அவற்றில் முட்டவைத்து, குறுக்கே வேறு இரண்டு டாக்கோடு ஒட்டி ரெயிலைப் போட்டு அறுத்தால் மூலை 90 டிகிரி வந்துவிடும். ஆனால் துளைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். 192 எம்எம் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளில் ஒன்று அரை எம்எம் விலகினாலும், 600 எம்எம் அகலக் கதவில் அது ஒன்றரை எம்எம் கோணலாகிவிடும். கிச்சன் கப்போர்டில் இரண்டு கதவை அடுத்தடுத்து மாட்டும்போது ஒன்றரை எம்எம் யார் கண்ணுக்கும் தப்பாது.

பென்சில் கோட்டின் தடிமனே அரை எம்எம் வரும். ஆகவே டேப், பென்சில், மூலைமட்டம் மூன்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலை பிடிக்கும்போது மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று கயிறு பிடிப்பாரே, அதே கணக்குதான் இங்கேயும். அடிக்குப் பதில் துளைக்குத் துளை உள்ள இடைவெளியை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 6 படி, மறுபக்கம் 8 படி, குறுக்கே 10 படி வந்தால் மூலை செங்கோணம். ஒரு படி 96 எம்எம் என்பது ஜெர்மனியின் ஃபெஸ்டூல் மேசையிலிருந்து வந்த வழக்கம்; துளை 20 எம்எம். ஆனால் உங்கள் படி 95.8 ஆக இருந்தாலும் 96.3 ஆக இருந்தாலும் மூலை மாறாது. எல்லாப் படியும் ஒன்றுபோல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இந்த மேசை முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் பலகை. சில்வர் ஓக் இங்கே எஸ்டேட்டுக்கு எஸ்டேட் நிற்கிறது, விலையும் கட்டுப்படியாகும். கால்களுக்கும் சட்டத்துக்கும் அதையே போடுங்கள். (அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.) மேல்பலகைக்கு மட்டும் எந்த மரமும் வேண்டாம். மரம் ரேகைக்குக் குறுக்கே விரியும், ரேகையோடு அநேகமாக விரியாது. மழைக்காலத்தில் ஒரு திசைப் படி நீண்டு மறுதிசை அப்படியே நின்றால் 6-8-10 கணக்கு உடைந்துபோகும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் வகைப் பலகை இரண்டு திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும். நம் மூடுபனிக்குச் சாதாரண எம்டிஎஃப் ஊதிவிடும் என்பதால் 18 எம்எம் எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்கும், அடர்த்தி கூடிய அதே வகைப் பலகை) வாங்குங்கள். லாரியில் மலை ஏறிவந்த ஷீட்டை அன்றே துளைக்காதீர்கள். அடியில் கட்டை கொடுத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி, ஒரு வாரம் பட்டறையிலேயே படுக்கப்போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும், இந்த வேலைக்கு அதுதான் நல்ல பருவம். 1120-க்கு 720 எம்எம் என்று அறுத்தால் ஒரே ஷீட்டில் மூன்று பலகை கிடைக்கும்.

இனி அளவுப்பட்டை. நேரத்தைச் செலவழிக்கவேண்டியது இங்கேதான். 25-க்கு 5 எம்எம் இரும்புப் பட்டையில், நேரானதாகப் பார்த்து, ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரு முனையிலும் பொட்டு வெல்டு அடித்தால் இரட்டையாகிவிடும். டிரில் பிரஸ் மேசையில் பின்பக்கம் ஒரு நேர்க்கட்டையை இறுக்குங்கள். பிட்டுக்கு இடதுபுறம் 96 எம்எம் தள்ளி, மேசையில் பிடித்த பலகையில் ஒரு 3 எம்எம் பின்னை நடுங்கள். பட்டையின் வலது முனையருகே முதல் துளை. அந்தத் துளை பின்மேல் இறங்கும்வரை பட்டையை இடப்பக்கம் தள்ளி, கிளாம்ப் போட்டு அடுத்த துளை. இப்படியே மொத்தம் 11 துளை, 10 படி. ஒவ்வொன்றுக்கும் சென்டர் டிரில் (தொடக்கக் குழி போடும் குட்டைப் பிட்), 2.8 எம்எம் பிட், 3 எம்எம் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) என்ற வரிசையில், கிளாம்பைத் தளர்த்தாமலே போடவேண்டும். நேரே 3 எம்எம் பிட்டை இறக்கினால் பத்து எம்எம் இரும்பில் அது வளையும். கடைசியில் வெல்டை ராவிப் பிரித்து, இரண்டிலும் ஒரே முனையில் ஒரே முகத்தில் அடையாளம் குத்துங்கள்; என்றைக்கும் அந்த முகம்தான் மேலே இருக்கவேண்டும். செருகுவதற்கு 3 எம்எம் பிட்டின் வால்பகுதியே நல்ல பின்.

பலகையின் நீள ஓரத்துக்கு 72 எம்எம் உள்ளே ஒரு பட்டையைக் கிடத்தி இறுக்கி, 11 துளையும் 12 எம்எம் ஆழத்துக்குப் போடுங்கள். பிட்டைப் பட்டைத் துளைக்குள் இறக்கிய பிறகே மோட்டாரைத் தட்டவேண்டும். சுழலும் பிட்டைக் கொண்டுபோய்ச் செருகினால் துளை வாய் அகன்று, ஐந்தாறு பலகையில் பட்டையின் ஆயுசு முடிந்துவிடும். பிறகு முக்கோணம். முதல் பட்டையை இடது மூலைத் துளையில் பின் குத்தி மேல்நோக்கி நிறுத்துங்கள். இரண்டாவது பட்டையை அடிவரிசையின் ஒன்பதாவது துளையில், அடியில் 5 எம்எம் துண்டு ஒன்று கொடுத்துக் குத்துங்கள். முதலாவதின் ஏழாவது துளையும் இரண்டாவதின் பதினொன்றாவது துளையும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி இரண்டையும் சாய்த்துப் பின்னை விடுங்கள். அது நிற்கும் இடம்தான் மேல்மூலை. பட்டையை அசையாமல் இறுக்கி இடது நெடுவரிசையை முடித்துவிடுங்கள். வலப்பக்கமும் இதே வேலை, அடிவரிசையின் மூன்றாவது துளையிலிருந்து.

இப்போது இடது நெடுவரிசைக்கும் வலதுக்கும் நடுவே பட்டையை வையுங்கள். இரண்டு முனையிலும் பின் தானாக இறங்கவேண்டும். தட்டி இறக்கவேண்டியிருந்தால் மேலே போகாதீர்கள்; அந்தப் பலகையை வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். இறங்கினால் வரிசைக்கு ஒன்பதாக மீதித் துளைகளை நிம்மதியாகப் போடலாம். ஏழு வரிசை, 77 துளை.

20 எம்எம் துளைக்கு ரவுட்டர். லேத் பட்டறையில் 10 எம்எம் அலுமினியத் தகட்டில் 25 எம்எம் துளையும், அதில் ஆடாமல் உட்காரும் ஒரு குமிழும் கடைந்து வாங்குங்கள். குமிழின் நடுவே 3 எம்எம் துளை இருக்கவேண்டும். குமிழைத் தகட்டில் வைத்து, பின்னை அதன் வழியாகப் பலகைத் துளைக்குள் விட்டு, தகட்டை இறுக்கியபின் குமிழை உருவிவிடுங்கள். ரவுட்டரில் 17 எம்எம் கைடு புஷ்ஷும் (பிட்டைச் சுற்றி அடியில் மாட்டும் வளையம்; தகட்டுத் துளையின் சுவரில் உரசி ஓடும்) 12 எம்எம் பிட்டும் போட்டு வலஞ்சுழியாக ஒரு சுற்று வந்தால் 20 எம்எம் துளை கிடைக்கும். பதினெட்டு எம்எம்மையும் மூன்று தடவையாக இறக்குங்கள். புஷ்ஷின் மையமும் பிட்டின் மையமும் எந்த ரவுட்டரிலும் மயிரிழை விலகித்தான் இருக்கும். கைப்பிடி எப்போதும் ஒரே திசையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு சுற்றினால் 77 துளையும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகும், படி மாறாது. ஓரத்தில் கிளாம்ப் எட்டும், நடுவில் எட்டாது. தகட்டில் ஒரு நீள்துளை போட்டு, ஏற்கெனவே முடிந்த பக்கத்துத் துளை வழியாக போல்ட்டும் அடியில் விங் நட்டும் கொடுங்கள்.

குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு இதைச் செய்யாதீர்கள். இந்தத் தூளில் பசையும் கலந்திருக்கிறது, நெஞ்சுக்கு ஆகாது. நல்ல மாஸ்க், வேக்குவம் இரண்டும் வேண்டும். துளை வாயை ஒரு எம்எம் சாய்வாகச் சீவி, உள்சுவரில் நீர்த்த பாலியூரித்தேனை இரண்டு முறை தடவுங்கள். பனி முதலில் ஏறுவது அறுத்த முகத்தில்தான்.

சோதிக்க, இருபக்க ஓரமும் இணையாக உள்ள ஒரு பலகையை டாக்கில் முட்டவைத்து நடுவில் அறுங்கள். ஒரு பாதியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டையும் ஒரே நேர்க்கட்டையில் முட்டவைத்து, அறுத்த முகங்களைச் சேர்த்துப் பாருங்கள். பிசகு இரட்டிப்பாகத் தெரியும். வெளிச்சம் தெரிந்தால், துளையைச் சந்தேகிக்கும் முன் ரெயில் டாக்கோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சா பிளேடை பலகைக்குக் கீழே இரண்டு எம்எம்முக்கு மேல் இறக்காமல் வைத்தால் மேசை பல வருடம் தாங்கும். பட்டைகளுக்கு எண்ணெய் தடவி, துணி சுற்றி வையுங்கள். மேசை தேய்ந்ததும் மீதியுள்ள இரண்டு பலகையில் ஒன்றை அதே பட்டைகளால் துளைத்துவிடலாம்.